மலையின் வாயில் வைத்த சோறு

"நான் ஒரு பொய்கூட அச்சடிச்சதில்லம்மா. அப்புறம் ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது?"

கேட்டவர் அம்பலவாணர். மலையடிவாரத்து ஊரில் வெளிவரும் ஒரே நாளிதழின் ஆசிரியர். அறுபதைக் கடந்தவர்.

பூரணி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் அம்பலவாணர் குருவாக ஏற்றிருந்தார்.

பூரணி ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதை அச்சடிக்கல?" என்றார்.

அம்பலவாணர் நடந்ததைச் சொன்னார்.

அரசு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டது. ஐப்பசி மழையில் அது உள்ளே சரிந்தது. வேலைக்குப் போனவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கிருந்த பொறியாளரே வந்து இவரிடம் அழுதுவிட்டுப் போனார்.

அன்று மாலை செய்தி வாரியத்தின் ஆணை வந்தது. அனுமதி இல்லாமல் சுரங்கத்தைப் பற்றி ஒரு வரி வந்தாலும் பத்திரிகைக்கு உரிமம் ரத்து. ஆசிரியருக்குச் சிறை.

"அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டேன். பரிசீலனையில இருக்குன்னாங்க. மார்கழி வந்திடுச்சு. இன்னும் பரிசீலனைதான்."

"அந்த இடத்துல என்ன போட்டீங்க?"

"மழைக்காலத்துல பாதத்தை எப்படிப் பாதுகாக்கிறதுன்னு ஒரு கட்டுரை."

பூரணி துணியைப் பிழிந்து பாறையில் விரித்தார்.

"வாங்க, போகலாம்."

உச்சிவெயிலில் இருவரும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே அழுகை இருக்கும் என்று நினைத்து வந்தார் அம்பலவாணர். இல்லை. பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். ஒருத்தி வாசலில் உட்கார்ந்து ஆண்சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். எந்த வீட்டிலோ ரேடியோ பாடியது.

சிறிது நேரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் தூக்குவாளியோடு வெளியே வந்தார்கள். வரிசையாக மலைப்பாதையில் ஏறினார்கள்.

இருவரும் பின்னால் போனார்கள்.

சுரங்கத்தின் வாயைச் சிமெண்டுச் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். சுவரில் அதற்குள்ளாகவே பாசி பிடித்திருந்தது.

சுவரடியில் நேற்றைய வாளிகள் இருந்தன. எல்லாம் காலி. துளி மிச்சமில்லை.

பெண்கள் அவற்றை எடுத்துக்கொண்டு புதிதாகக் கொண்டுவந்ததை வைத்தார்கள். ஒருத்தி சுவரில் வாயை ஒட்டி, "இன்னிக்குப் பருப்புக்குழம்பு. ஆறிடப்போகுது, சீக்கிரம் சாப்பிடுங்க" என்றாள்.

மேலே கிளைகளில் குரங்குகள் சத்தமில்லாமல் காத்திருந்தன.

அம்பலவாணர் சுவரோடு பேசியவளை நெருங்கினார்.

"ஏம்மா இங்க வைக்கிறீங்க?"

அவள் பெயர் செல்லக்கிளி. சிரித்தாள். "உள்ளதானே வேலை நடக்குது. பாதை முடியிற வரைக்கும் யாரையும் வெளிய விடமாட்டாங்களாம். ஆபீசர் சொன்னாரு."

"அவர் சொன்னா நம்பிடறதா?"

"அவரை யாரு நம்புனா? ஏதாச்சும் ஆயிருந்தா பேப்பர்ல வந்திருக்கும்ல? தினமும் படிக்கச் சொல்லிக் கேக்குறேன். அந்தப் பேப்பர்க்காரர் பொய் சொல்லமாட்டாருங்க."

அம்பலவாணர் குருவைத் திரும்பிப் பார்த்தார். பூரணி பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேட்டா பதில் சொல்லுங்க."

செல்லக்கிளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"அந்தப் பேப்பர்க்காரன் நான்தாம்மா."

அவள் முகம் மலர்ந்தது. மற்றவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, எப்ப வெளிய வருவாங்க? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

நிழலில் உட்கார்ந்திருந்த காவலர் எழுந்து வந்தார். "சுரங்கத்தைப் பத்தி இங்க யாரும் பேசக்கூடாது. சட்டம் தெரியும்ல?"

"தெரியும்" என்றார் அம்பலவாணர்.

செல்லக்கிளி பக்கம் திரும்பினார்.

"வரமாட்டாங்கம்மா. ஐப்பசியிலயே போயிட்டாங்க. எல்லாரும்."

காவலர் தடுக்கவில்லை.

செல்லக்கிளி குனிந்து தன் வாளியைத் திறந்தாள். ஒரு பிடி சோற்றை எடுத்தாள். சுவரில், ஒரு ஆளின் வாய் இருக்கும் உயரத்தில், அதை வைத்து அழுத்தினாள்.

அதன் பிறகுதான் அந்த மலையில் முதல் ஒப்பாரி கேட்டது.