மரகதவல்லி போட்ட சிவப்புக் கோடு

“அக்கா, உங்க விதியெல்லாம் சேந்து எங்க அப்பாவ ரெண்டாந்தடவ கொன்னுட்டு.”

சிலுவைதாசன் கதைத்தாளை மேசையில் போட்டான். தாள் முழுக்கச் சிவப்பு மை.

தூத்துக்குடியில் அந்தச் சிறுபத்திரிகையை நடத்துகிறவள் மரகதவல்லி. அவளிடம் அவன் எழுத்துப் பழக வந்து வருடக்கணக்காகிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றிய இதுதான் அவனுடைய முதல் கதை. மாலையில் இதழ் அச்சுக்குப் போகிறது.

அவள் நிமிரவே இல்லை. எழுத்தாளர்களின் கோபம் அந்த அம்மாளுக்குக் காலைக் காபி மாதிரி.

“அலங்காரம் கூடாது. சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. நம்ம பத்திரிகை விதி தெரியும்லா?”

“தெரியும். ஆனா இது என் குரல். ஒரு கோடும் வேண்டாம். இல்லன்னா கதையத் திருப்பிக் குடுங்க.”

“சரி, மெய்ப்பு பாத்துட்டு முடிவு பண்ணுவோம். நீ வாசி.”

அங்கே வழக்கம் அது. எழுதியவர் தன் படியை உரக்க வாசிப்பார். மரகதவல்லி தான் திருத்திய தாளில் வரிவரியாக விரலை ஓட்டுவாள்.

திருத்தம் படாத படியைப் பையிலிருந்து எடுத்து, வீம்பாக வாசித்தான்.

“நிறுத்து. ஒரு வரிய விட்டுட்ட.”

“எந்த வரி?”

“‘நீலக் கண்ணீர்க் காவியமாய்க் கதறியது கடல்.’”

சிலுவைதாசனுக்குக் காது சூடேறியது. அந்த வரியை எழுதிய அன்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டவன்.

“சத்தமா வாசிக்க வாய் வரலக்கா.”

“நான் அடிச்சதும் அதத்தான். மேல வாசி.”

பாதி வீம்பு இறங்கிவிட்டது. இன்னும் சில இடங்களை அவனே தாண்டிப் போனான். எல்லாம் சிவப்புப் பட்ட இடங்கள். அவள் விரல் நிற்காமல் ஓடியது.

பிறகு கதையில் விடிந்தது.

“‘படகு வந்தது. அப்பா வரவில்லை. வலை வந்தது. அப்பா வரவில்லை. தூக்குவாளி வந்தது. அப்பா வரவில்லை.’”

இங்கே அவன் ஒரு சொல்லைக்கூடத் தாண்டவில்லை. குரல் உடைந்தபோதும் விடவில்லை. பக்கத்து அறையில் தாள் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

மரகதவல்லியின் விரலும் நின்றது. முதல் ‘அப்பா வரவில்லை’யை மட்டும் விட்டு, மற்ற இரண்டையும் அவள் அடித்திருந்தாள்.

“இன்னொரு தடவ வாசி.”

வாசித்தான். இந்த முறை குரல் நிமிர்ந்து வந்தது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவை அவன் பக்கம் நீட்டினாள்.

“அடி.”

“எதக்கா?”

“நான் போட்ட கோட்ட.”