திறந்திருந்த மேல்ஜன்னல்

நகரத்தின் பழைய பகுதியில் ஒரு மாளிகை இருந்தது. நூறு வயதைத் தாண்டிய கட்டடம். பன்னிரண்டு குடும்பங்கள் அதில் வாடகைக்கு இருந்தன. பின்கட்டில், ஒற்றைக் கதவு மட்டுமே உள்ள அறையில், முனிரத்தினம் இஸ்திரி போட்டுப் பிழைத்தார்.

அந்த அறையின் உச்சியில் ஒரு மேல்ஜன்னல். கயிற்றை இழுத்தால் உள்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியின் புகையையும் சூட்டையும், மாளிகையின் நடுவில் காற்றோட்டத்துக்காக விட்டிருந்த இருட்டான காற்றுக்கூண்டுக்குள் தள்ளிவிடும். ஒருநாளும் அது மக்கர் பண்ணியதில்லை. அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்த வருஷ வெயில் தாங்கமுடியாமல், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளிர் இயந்திரம் வைக்கத் தீர்மானித்தார்கள். புராதனக் கட்டடம் என்பதால் வெளிச்சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அதனால் குழாய்களெல்லாம் காற்றுக்கூண்டுக்குள் இறங்கின. குளிர் கசியாமல் இருக்க, கூண்டைப் பார்த்த ஜன்னல்களை அடைக்க வேண்டியிருந்தது.

"பழைய ஜன்னல்ல கைவெச்சா புராதனத் துறை அதிகாரி விடமாட்டார்," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமசேஷன். "அது பாட்டுக்கு அழகா இருக்கட்டும். பின்னாடி பலகை அடிச்சு, கறுப்புப் பூசிடுங்க. உளுத்துப்போய்த் திறக்காம நிக்கறதை மட்டும் கழட்டி விறகுக்குப் போடுங்க. அதுக்கு அனுமதி இருக்கு."

முனிரத்தினம் துணி கொடுக்கப் போயிருந்தபோது பலகை ஏறியது. குளிர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட மனிதருக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்கங்கெட்ட மௌனம் அது.

ஒரு மத்தியானம் அடைமழை பிடித்துக்கொண்டது. சாரல் துணிமேல் அடிக்கவே முனிரத்தினம் கதவைச் சாத்தப் போனார்.

"கதவ சாத்திக்கினு கரிப்பெட்டியா? மூச்சு முட்டிக்கும்யா," என்றாள் அவர் மனைவி கோமளா, மடித்த துணிகளை பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி.

"மேல ஜன்னல் கீதே, தொறந்துக்கறேன். நீ போய்க் குடுத்துட்டு வா."

அவள் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"திறக்காதே!" என்றது பலகை. "உன் முதுகுல நான் இருக்கேன். ஒரு இம்மி காத்துகூடப் போகாது. நீ சிக்கிக்கிட்டு நின்னா, அந்த ஆள் கதவைத் திறந்துடுவார்."

"சிக்கிக்கிட்டா என்னை விறகாக்கிடுவாங்க," என்றது மேல்ஜன்னல்.

"அவர் பிழைப்பாரே!"

மேல்ஜன்னல் ஒரு கணம் தயங்கியது. உண்மையாகவே தயங்கியது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் காற்றுக்கூண்டின் எதிர்ச்சுவரில் ஏற்கெனவே பிடுங்கப்பட்ட இரண்டு ஜன்னல்களின் நினைவு வந்தது. கயிறு இன்னொரு முறை இழுபட்டதும், எப்போதும்போல வழுக்கிக்கொண்டு திறந்தது.

"பாத்தியா, தங்கம்!" என்றார் முனிரத்தினம். கயிற்றை ஆணியில் சுற்றிவிட்டு வேட்டி ஒன்றை விரித்தார்.

கரி கனிந்து புகை அடங்கிவிட்டிருந்தது. வாசனையே இல்லாத நஞ்சு அறையில் நிறைந்தது. மூன்றாவது சட்டையில் அவருக்குத் தலை கனத்தது. மழைக்குத்தான் இப்படி என்று நினைத்துச் சுவரோரமாக உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் கதவு இருந்தது. எழுந்து போய்த் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மேல்ஜன்னல் கிறீச்சிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. மொட்டைமாடிக் குளிர் இயந்திரத்திலிருந்து இறங்கிய இரைச்சலில் அது எடுபடவில்லை.

கோமளா திரும்பி வந்து கதவைத் தள்ளியதும் போட்ட கூச்சலில் மாளிகையே இறங்கி வந்தது.

"கரிப்புகையா இருக்குமோ?" என்றார் ஒருவர்.

ராமசேஷன் அவசரமாக மேலே கைகாட்டினார். "அதெப்படி? ஜன்னல் திறந்துதானே இருக்கு! மாரடைப்பாத்தான் இருக்கும். நல்ல மனுஷன், பாவம்."

கோமளா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"ஆமா சார்," என்று அழுதாள், "அவருதான் தொறந்து வெச்சாரு."

திறந்து நின்றபடி தான் சொல்லும் பொய்ச்சாட்சியை நிறுத்தி மூடிக்கொண்டுவிட மேல்ஜன்னல் துடித்தது. கயிற்றை அவிழ்க்கும் கை கீழே கிடந்தது.