தலைப்பாகை போன கடை

முன்னொரு காலத்தில், காலையில் எழும்போதே புது ஆசையோடு எழும் ராஜா ஒருவர் இருந்தார். அன்றைய ஆசை காணாக்காசு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது; ஓலையில் உங்கள் பெயரும் ஒரு ரகசியச் சொல்லும் இருக்கும், அவ்வளவுதான். அதை வாங்கி விற்று, கொடுத்ததைப் பெட்டியில் பூட்டியும் வைக்கும் மாற்றுக் கடைகள் தெருவுக்கு நாலு முளைத்திருந்தன.

"ஏரிக்கரை கட்ட வைத்திருக்கும் பணத்தைக் காணாக்காசாக மாற்றுவோம். மழைக்குள் இரட்டிப்பாகிவிடும்" என்றார் ராஜா.

அரண்மனை விகடன் கூத்தபிரானுக்குத் தலை சுற்றியது. போன ஐப்பசியில் அந்தக் கரை உடைந்துதான் அவன் தங்கை வீடு மாடு கன்றோடு போனது. மறுபடி உடைந்தால் ஐந்து ஊர் மிஞ்சாது. இந்த மனுஷருக்கு எத்தனை தடவைதான் எடுத்துச் சொல்வது?

"எந்தக் கடையை நம்புவது, மகாராஜா?" என்றான்.

பொக்கிஷ அதிகாரி வீரபாகு முந்திக்கொண்டார். அவருக்குக் கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது; கடைக்காரரிடம் தரகு வேறு பேசி வைத்திருந்தார். "தங்கமயில் கடை, பிரபு. அதைப் போலப் பாதுகாப்பு எங்கும் இல்லை. என் தலையையே பணயம் வைக்கிறேன்."

"தலை கனம், ஐயா. அதன் மேலிருப்பது போதும்" என்று அவருடைய பட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டான் கூத்தபிரான். "முதலில் இதை அந்தக் கடையில் போட்டுப் பார்ப்போம். திரும்பி வந்தால் பணத்தைப் போடலாம்." வேடிக்கை என்றால் ராஜாவுக்குப் போதும், சரியென்றார்.

கூத்தபிரான் கொண்டுபோன தலைப்பாகையைக் கடையில் பன்னீர் தெளித்து வாங்கிக்கொண்டார்கள். வாசலில் 'மன்னர் முத்திரை பெற்றது' என்று பலகை.

"எந்த மன்னருங்க?" என்று கேட்டான்.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு ராஜா."

"தீவுல ஜனங்க இருக்காங்களா?"

"ஆமை நிறைய இருக்குங்க."

கூத்தபிரான் ரகசியச் சொல்லை வாங்கிவந்து வீரபாகுவிடமே கொடுத்தான். "நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள்."

முதல் நாள், "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள், "நீங்கதான் வீரபாகுன்னு ரெண்டு சாட்சி வேணும்." மூன்றாம் நாள், வெளியே எடுக்கப் பத்து வராகன் கட்டணம்; வீரபாகு பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். நான்காம் நாள் போனால் பலகை மட்டும் தொங்கியது.

வெறுந்தலையோடு சபைக்கு வரக் கூடாதென்பதால் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார் வீரபாகு.

"தலைப்பாகை எங்கே?" என்றார் ராஜா.

வீரபாகு துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். கூத்தபிரான்தான் சொன்னான். "மிகப் பாதுகாப்பாக இருக்கிறது, மகாராஜா. உடையவருக்கே கிடைக்காத அளவு பாதுகாப்பு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, அது ஏரிப் பணமாக இருந்திருந்தால் என்று நினைத்தாரோ என்னவோ, சிரிப்பு நின்றது. "கரையை உடனே கட்டுங்கள். இனி மாதாமாதம் நம் ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கச் சம்மதிக்கும் கடைக்கே நம் முத்திரை." பொற்கிழியை நீட்டினார். "அந்த ஆள் நீதான், கூத்தபிரான்."

"பரிசு என்று சொல்லி ஊர்க் கடைகளையெல்லாம் என் தலையில் கட்டுகிறீர்களே" என்று நொந்துகொண்டான் அவன். ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. சாயங்காலம் ஏரிக்கரையில் முதல் கூடை மண் விழுந்தபோதுதான் கூத்தபிரான் சிரித்தான்.