நடுவயதுக்காரனைப் பிடித்து வந்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். காதில் விழுகிற எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் அரண்மனையில் வெள்ளிக் கூஜா ஒன்று களவு போயிற்று. மதில் ஏறிக் குதித்தவனைப் பார்த்த சமையல்காரி, "முகம் சரியாத் தெரியலை. யாரோ நடுவயசு ஆள்" என்று மட்டும் சொன்னாள். காவலர்கள் ஊருக்குள் போய், கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் இழுத்து வந்து முற்றத்தில் உட்கார வைத்தார்கள். போன மாதம் தாலி கட்டிய மாப்பிள்ளையும் அதில் இருந்தான். பல் போன கிழவரும் இருந்தார்.

ராஜா வந்து பார்த்துத் திகைத்துப் போனார். "நடுவயது என்றால் எதிலிருந்து எதுவரை?"

காவல் தலைவன் கூட வந்த புலவர்களைக் கைகாட்டினான். அவர்கள் ஏடுகளைப் புரட்டினார்கள். அவை விகடகவி தாண்டவனுக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

மந்திரி கேசவராயர் இதற்காகவே காத்திருந்தவர். தாண்டவன் பேசினால் ராஜா சிரிக்கிறார், தான் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்ற எரிச்சல் அவருக்கு வெகு நாளாக இருந்தது.

"மன்னர் பெருமானே! தாண்டவன் சிரிக்கிறார் என்றால் அவருக்கு விடை தெரியும் என்றுதானே பொருள்? இந்தக் கூட்டத்திலிருந்து நடுவயதுக்காரன் ஒருவனை நாளை அவையில் நிறுத்தட்டும். இளைஞனும் இல்லை, கிழவனும் இல்லை என்று நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டு வெளியேறட்டும்."

"நல்ல யோசனை! எனக்கும் தெரிந்தாக வேண்டும்" என்றார் ராஜா. "அதுவரை ஒருவரையும் விடாதீர்கள்."

தாண்டவன் முற்றத்துக்குப் போய் ஒவ்வொருவராக விசாரித்தான். அங்கே நடுவயதுக்காரன் ஒருவன்கூட இல்லை! நாற்பதைத் தாண்டிய ஜவுளி வியாபாரி, "எனக்கு இப்போதுதான் மீசையே தடிக்கிறது" என்றார். இரண்டாந்தாரத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் முதுகை வளைத்து இருமிக் காட்டினார். "நான் போகிற வயசு சாமி. சுவர் ஏறுவேனா?"

வேலாண்டி என்ற செக்காட்டி மட்டும் வயதைப் பற்றியே பேசவில்லை. "மாட்டைச் செக்கிலிருந்து அவிழ்க்காம வந்துட்டேன். அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்" என்று புலம்பினான்.

"அது இருக்கட்டும் அண்ணே, உங்களுக்கு நடுவயசுதானே?"

வேலாண்டி யோசித்தான். "எங்க அம்மாவுக்கு நான் பச்சப்புள்ள. என் பேரனுக்குக் கிழவன். தெரிஞ்சவங்க யாரும் என்னை நடுவயசுன்னு சொன்னதில்லீங்க. தூரத்துல இருந்து பாக்குறவங்கதான் அப்படிச் சொல்வாங்க போல."

தாண்டவனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. முதலில் ஓர் ஆளை அனுப்பி மாட்டை அவிழ்க்கச் சொன்னான். வேலாண்டியையே அவையில் நிறுத்துவது என்றும் தீர்மானித்தான். அவன் நடுவயதுக்காரன் என்பதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

மந்திரி சும்மா இருப்பாரா? அவையின் வலப்பக்க வரிசைக்காரர்களை அழைத்து, "யார் வந்தாலும் இளைஞன் என்று சொல்லுங்கள்" என்றார். இடப்பக்கத்தாரிடம், "நீங்கள் கிழவன் என்று சாதியுங்கள்" என்றார்.

மறுநாள் வேலாண்டி உள்ளே கால் வைத்ததுமே, "இவன் இளைஞன்! தோளைப் பாருங்கள்!" என்று வலப்பக்கம் கத்தியது. "கிழவன்! முன்மண்டை வழுக்கையைப் பாருங்கள்!" என்று இடப்பக்கம் கூச்சலிட்டது. வேலாண்டி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"நிரூபிக்க முடிந்ததா, தாண்டவரே?" என்று மந்திரி மீசையை முறுக்கினார்.

தாண்டவன் இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"முடிந்தது, மந்திரியாரே. நிரூபித்தவர் தாங்கள்தான்! மன்னா, சபையில் சரிபாதி இவரை இளைஞன் என்கிறது. மறுபாதி கிழவன் என்கிறது. இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கிறாரே, இதைவிட நடுவயது வேறு உண்டா?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்து மாறுகிற சொல்லா இது? இதை வைத்தா இத்தனை பேரைப் பிடித்தீர்கள்? எல்லோரையும் விட்டுவிடுங்கள்!" என்றார்.

உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "அப்படியானால் நான்?"

"இளைஞர்!" என்று இரு பக்கமும் ஒரே குரலில் முழங்கின.

"மன்னா, தங்களுக்கு நடுவயது வரவே வராது" என்றான் தாண்டவன். "தங்களைக் கிழவர் என்று சொல்லும் மறுபாதிக்கு இங்கே ஆள் இல்லை. எண்பதிலும் தாங்கள் இளைஞர்தான்."

ராஜாவின் முகம் சற்று வாடியது. வேலாண்டியைப் பக்கத்தில் அழைத்தார். "நீ சொல். பயப்படாதே."

வேலாண்டி உற்றுப் பார்த்தான். "மேலே பாத்தா வாலிபம்தான் சாமி. நேத்து முத்தத்துல இருந்து படியேறிப் போகும்போது முழங்காலைப் புடிச்சீங்க பாருங்க, அப்போ கிழவருதான்."

ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். வேலாண்டிக்கு ஒரு ஜோடி காளை கொடுக்கச் சொன்னார்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே சிம்மாசனத்திலிருந்து எழுந்தார்.