கொடி தழைத்தது, கிழங்கு இல்லை

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், கறுப்புக் களிமண் நிலம் ஒன்று இருந்தது. முள்ளி என்ற முள்ளம்பன்றி அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டு வந்தது. முள்ளிக்கு இரண்டு குட்டிகள். கோடையில் அவை பசியாறுவது அந்தக் கிழங்கை நம்பித்தான்.

முள்ளி யாரையும் நம்பாது. ஓடையில் தண்ணீர் குடிக்கும்போதுகூட இரண்டு முறை திரும்பிப் பார்க்கும்.

அந்த நிலத்தில் கொடி அடர்ந்து படர்ந்தது. இலைகள் கரும்பச்சையாய்ப் பளபளத்தன. ஆனால் தோண்டிப் பார்த்தால் கிழங்கு எலிவால் கனத்தில்தான் இருந்தது. இப்படியே மூன்று வருஷம். மூன்று கோடையிலும் குட்டிகள் மரப்பட்டையைக் கடித்தே காலம் தள்ளின.

"மேலே இவ்வளவு செழிப்பு. கீழே மட்டும் எப்படி இல்லாமல் போகும்? யாரோ அடியிலிருந்து திருடுகிறார்கள்" என்று முள்ளி நினைத்தது.

மண்ணுக்கடியில் வளை தோண்டுகிறவர் பக்கத்தில் யார்? மேட்டுச் சரிவில் குடியிருந்த பெருச்சாளிதான். அதன் தோட்டத்தில் கிழங்கு பருத்துப் பருத்து விளைந்திருந்தது. முள்ளி நேரே அங்கே போனது.

"என் கிழங்கை எடுத்தாயா?"

"உன் நிலத்துக்குள் நான் வந்ததே இல்லை அக்கா. வந்திருந்தால் வளை இருக்குமே. ஒன்றாவது காட்டு" என்றது பெருச்சாளி.

முள்ளி நிலம் முழுக்கத் தேடியது. ஒரு வளையும் இல்லை.

"எவ்வளவு சாமர்த்தியமாக மூடியிருக்கிறான்" என்று முணுமுணுத்தபடி பெருச்சாளியின் வளை வாயில் முள்ளை அடைத்துவிட்டு வந்தது. பிறகு தன் நிலத்தில் இன்னும் பத்துக் கூடை காட்டெருமைச் சாணத்தைக் கொட்டியது. வருஷா வருஷம் அது செய்வதுதான்.

நான்காம் வருஷம் நடவு நெருங்கியது. இந்த முறையும் ஏமாந்தால் குட்டிகளை அழைத்துக்கொண்டு வேறு காட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறு வழி தெரியாமல் முள்ளி ஒரு இலையில் மண்ணைப் பொதிந்துகொண்டு அழுங்கிடம் போனது. உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்குதான் அந்தக் காட்டில் மண்ணைச் சோதித்துச் சொல்லும்.

அழுங்கு மண்ணைத் தண்ணீரில் கரைத்தது. தெளியவிட்டது. நீண்ட நாக்கால் தொட்டுப் பார்த்தது.

"இதில் உரம் அளவுக்கு மேல் இருக்கிறது. கொடி தின்று கொழுக்கிறது, கிழங்கு வைக்க அதற்கு நினைப்பே வரவில்லை. களியும் இறுகிக் கிடக்கிறது. வேருக்குக் காற்று இல்லை, தண்ணீர் வடியவும் இல்லை. இனி சாணம் ஒரு கூடைகூடப் போடாதே. காய்ந்த சருகை நிறையக் கலந்து, மேட்டுப்பாத்தி கட்டி நடு."

"மணல் கலந்தால் இளகாதா?"

"கொஞ்ச மணலைக் களியோடு கலந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். சருகுதான் வேண்டும்."

முள்ளிக்கு முதுகு முட்கள் சிலிர்த்தன. அழுங்கின் வளையும் பெருச்சாளியின் வளையும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு, இருக்கிற உரத்தையும் போடவிடாமல் தடுக்கின்றனவோ?

மறுநாள் முள்ளி மூன்று பொட்டலங்களோடு வந்தது.

"முதல் பொட்டலம் மலைக்கு அப்பாலிருந்து வந்த மண். இரண்டாவது ஆற்றங்கரை மண். மூன்றாவது என் நிலத்து மண். சோதித்துச் சொல்லுங்கள் அண்ணே" என்றது.

உண்மையில் முதல் இரண்டையும் அது தன் நிலத்தில் ஒரே குழியிலிருந்து எடுத்திருந்தது. மூன்றாவதைப் பெருச்சாளியின் சரிவிலிருந்து அள்ளி வந்திருந்தது.

அழுங்கு மூன்றையும் கரைத்தது, நெடுநேரம் பார்த்தது.

"மண் எங்கிருந்து வந்தது என்று நீ சொன்னது எனக்கு எதற்கு? முதலாவதும் இரண்டாவதும் ஒரே குழி மண். நேற்று நீ கொண்டுவந்த அதே களி, அதே சாணம். மூன்றாவது சரிவு மண். பொலபொலவென்று இருக்கிறது, உரமும் அளவோடு இருக்கிறது. இதில் கிழங்கு நன்றாக விளையும்."

முள்ளி மூன்று பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தது. பொய் சொல்கிறவனாக இருந்தால், என் நிலத்து மண் என்று நான் சொன்ன மூன்றாவதைத்தானே குறை சொல்லியிருப்பான்? அதன் முட்கள் மெல்லப் படிந்தன.

"மூன்றாவது மண் பெருச்சாளியுடையது" என்றது தாழ்ந்த குரலில்.

"இருக்கலாம்" என்றது அழுங்கு.

அந்த வாரமே முள்ளியும் குட்டிகளும் காடெங்கும் சருகு பொறுக்கின. மண் ஈரம் வற்றும்வரை காத்திருந்து, கொத்திக் கிளறி, சருகைக் கலந்து மேட்டுப்பாத்தி கட்டின. சாணம் போட முள்ளிக்குக் கால் பரபரத்தது. ஆனால் போடவில்லை.

கொடி முன்போல அடர்ந்து படரவில்லை. குட்டிகள் பயந்தன. முள்ளியும் பயந்தது. நான்கு மாதம் கழித்துப் பாத்தியைக் கிளறியபோது, செங்கிழங்குகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தன. குட்டிகள் மண்ணைக்கூடத் துடைக்காமல் தின்றன.

முள்ளி சில கிழங்குகளை எடுத்துக்கொண்டு சரிவுக்கு ஏறியது. வளை வாயில் அடைத்திருந்த முட்களை ஒவ்வொன்றாக அகற்றியது. இத்தனை நாளும் வளையின் பின்வாசல் வழியாகவே போய்வந்த பெருச்சாளி எட்டிப் பார்த்தது.

"நீ எடுக்கவில்லை" என்றது முள்ளி.

"அதைத்தானே அக்கா நான் அன்றைக்கே சொன்னேன்" என்றது பெருச்சாளி.

நீதி: சந்தேகம் வந்தால் பழி சொல்லும் முன் சோதித்துப் பார், சோதனை காட்டியதை ஏற்று நட.