சிம்மாசனத்துக்கு வந்த வெயில்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு, என்ன பெயர் என்று கேட்காதீர்கள். சொன்னால் அவருடைய பேரன் பேத்திகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அது வந்துவிட்டால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மெதுவாக நடந்து வரும். அந்த நாட்டிலோ ஒரு பொல்லாத வழக்கம். கொலு மண்டபத்தில் ராஜா வாய்விட்டுச் சொன்ன ஆணையை, ராஜாவே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. மூக்கு நுனியில் கோபமுள்ள மனிதருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் தட்டு நிறைய மாம்பழத்தோடு வந்து நின்றார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கள் மன்னரின் புகழைப் பாட ஆரம்பித்தார். பாட்டு நடுவில் வந்தபோது நம் ராஜாவின் இடுப்புக்குக் கீழே சுருக்கென்று ஒரு கடி. தூதர் எதிரில் ராஜா சொறிய முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னொரு கடி. இந்தப் பக்கம் நெளிந்தார், அந்தப் பக்கம் நெளிந்தார். மூன்றாவது கடிக்கு 'ஆ!' என்று துள்ளி எழுந்துவிட்டார். மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்துபோன தூதர் பின்னால் நகர்ந்தார், பழத்தட்டில் கால் இடறினார், மாம்பழத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சபை சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தெள்ளுப்பூச்சி! என் அரண்மனையில் தெள்ளுப்பூச்சி! இந்தப் பூச்சிக்குத் தங்க இடம் கொடுத்தவர் யாராக இருந்தாலும், வரும் அமாவாசையன்று ஆற்றைக் கடந்து காட்டுக்குப் போக வேண்டும். இது என் ஆணை!"

அரண்மனைச் சடங்குகளுக்குப் பொறுப்பாளரான அமிர்தகண்டர் உடனே முன்னால் வந்தார். சம்பிரதாயம் என்றால் அவருக்கு உயிர். அதைவிட உயிர், விகடகவி மருதப்பனைக் கவிழ்ப்பது.

"இடம் கொடுத்தவர் வேறு யார், மகாராஜா? அரண்மனை நாய் பூனைகள்தாம். ஆனாலும் பாவம், வாயில்லா ஜீவன்கள். அமாவாசைக்குள் பூச்சியை ஒழித்துக் காட்ட நம் மருதப்பருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அன்று கொலுவில் தங்களை ஒரு பூச்சியும் கடிக்கவில்லை என்றால் எல்லோரும் இங்கேயே இருக்கட்டும். கடித்துவிட்டால் மருதப்பரும் அவற்றோடு படகேறட்டும்."

ராஜா யோசிக்காமல், "அப்படியே ஆகட்டும்" என்றார். சொன்ன பிறகுதான் அவர் கண் மண்டபத்து ஓரத்தில் படுத்திருந்த கிழட்டுக் கறுப்பு நாயின் மேல் போயிற்று. முகம் சட்டென்று வாடிவிட்டது. மருதப்பன் அதைக் கவனித்தான்.

அந்த நாயின் பெயர் கருவாயன். ஒரு காலத்தில் வேட்டை நாய்; இப்போது ஒரு கண் மங்கி, பின்னங்கால் இழுத்து இழுத்து நடக்கும். ஆற்றுக்கு அக்கரையில் சிறுத்தைகள் உண்டு. கருவாயனை அங்கே விடுவதும் ஒன்றுதான், கொல்வதும் ஒன்றுதான்.

நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பூவுடையான் அன்று சாயங்காலமே மருதப்பனின் வீட்டுக்கு ஓடி வந்தான். பிள்ளை குட்டி இல்லாத மனிதன். கண் திறக்காத குட்டியாக இருந்த கருவாயனுக்குத் துணி நனைத்துப் பால் ஊட்டி வளர்த்தவன்.

"ஐயா, வேப்பிலை அரைச்சுப் பூசியாச்சு, மஞ்சத் தண்ணி ஊத்தியாச்சு, ஈரோலிச் சீப்பால வாரியாச்சு. குளிப்பாட்டின அன்னைக்குச் சுத்தமா இருக்கான். நாலு நாள்ல பழையபடி சொறியறான். நான் என்னய்யா பண்ணுவேன்? அவன் போனா நானும் அவன் பின்னாலயே போயிருவேன்."

மருதப்பன் அவனைத் திண்ணையில் உட்காரவைத்தான். "அழாதே பூவுடையா, ஏதாவது வழி இருக்கும்" என்று சொல்லி அனுப்பினான். வழி என்னவோ அவனுக்கும் தெரியவில்லை. வீட்டுப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். யோசிக்க யோசிக்கக் காலைச் சொறிந்தான். அவன் வீட்டிலும் இதே கதைதான்.

அவன் மனைவி செண்பகவடிவு விளக்குமாற்றோடு வந்தாள். "பூனையைக் குளிப்பாட்டி என்னங்க பிரயோசனம்? அது படுக்கிற இடத்தைப் பாத்தீங்களா?"

"அது எங்கே படுக்கிறது?"

"நல்லாக் கேட்டீங்க! நீங்க அரண்மனைக்குக் கிளம்பினதும் உங்க தலையணை மேலதான். அந்தத் தலையணை வெயிலைக் கண்டு எத்தனை காலமாச்சு? எடுக்க விட்டாத்தானே! பூச்சி பூனை மேல சாப்பிட மட்டும்தான் வருது. குடித்தனம் நடத்தறது, முட்டை போடறது எல்லாம் படுக்கையில."

சொன்னதோடு விடவில்லை. துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைத் தலையணை மேல் விரித்துக் கையால் நாலு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிகள் டப் டப்பென்று குதித்தன.

"பாத்துக்குங்க, உங்க விருந்தாளிங்கள!"

மருதப்பன் வெட்கப்படவில்லை. எழுந்து நின்று மனைவியைப் பார்த்துக் கைகூப்பினான். அவள் "போங்க, போங்க" என்று தலையணையை முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

மறுநாள் மருதப்பன் பூவுடையானைத் தனியே கூப்பிட்டு, "கருவாயன் பகலில் எங்கே படுக்கிறான்? உண்மையைச் சொல்" என்றான். பூவுடையானின் முகம் வெளிறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதில் சொன்னான்.

"சிம்மாசனத்துல, ஐயா. மத்தியானம் கொலு கலைஞ்சதும் உள்ள போயிருவான். ராணியம்மா பூனையும் கூடப் படுத்துக்கும். வெளிய தெரிஞ்சா என் தலை போயிருமேன்னு வாயே திறக்கல."

மருதப்பன் அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு யோசித்தான். பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் நாய் சிம்மாசனத்தில் ஏறிய கதையும் வெளியே வரும். சொல்லாவிட்டால் நாய்க்குக் காடு; சொன்னால் பூவுடையானுக்குக் கழுமரம். நல்ல வேடிக்கை!

ஒன்றும் தெரியாதவன் போல அமிர்தகண்டரிடம் போய்ச் சிம்மாசன மெத்தையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தான். அவருக்குத்தான் சம்பிரதாயம் என்றால் வாய் ஊறுமே.

"முடிசூட்டு நாளில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தை. அடுத்த முடிசூட்டு வரையில் அது மண்டபத்து வாசற்படியைத் தாண்டக்கூடாது. அதுதான் சம்பிரதாயம்" என்றார்.

"வாசற்படியைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மருதப்பன் அன்றிலிருந்து கொலுவில் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜாவும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டதாக மடைப்பள்ளியில் சொன்னார்கள். இன்னொன்றும் மருதப்பனின் கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய சிம்மாசனத்தில் ராஜா நடுவில் உட்காருவதே இல்லை. இடது ஓரமாகவே உட்காருவார். வலது பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். மருதப்பன் நேரே போய்க் கூரை வேய்பவர்களைப் பார்த்தான். மழைக்கு முன்னால், அமாவாசையன்றே கொலு மண்டபத்து ஓடுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தான்.

அமாவாசை வந்தது. மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். குளித்து வாரி மினுமினுவென்று கருவாயனும், கழுத்தில் பட்டு நாடாவோடு ராணியின் பூனையும் நின்றன. பூவுடையான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றான். வாசலில் படகோட்டி துடுப்போடு காத்திருந்தான்.

மருதப்பன் வெள்ளைத் துணியால் நாயைத் துடைத்துக் காட்டினான். ஒரு புள்ளி இல்லை. பூனையைத் துடைத்தான். ஒன்றும் இல்லை. சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"இன்னும் மகாராஜா அமரவில்லையே" என்றார் அமிர்தகண்டர்.

ராஜா அமர்ந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜா அசையாமல் இருக்கத்தான் பார்த்தார். பாவம், கருவாயனைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் முடியாமல் "ஐயோ!" என்று எழுந்தேவிட்டார்.

"கடித்துவிட்டது! படகுக்காரா, வா உள்ளே!" என்று கூவினார் அமிர்தகண்டர்.

"ஒரு விண்ணப்பம், மகாராஜா" என்றான் மருதப்பன். "தங்கள் ஆணை என்னவென்று கட்டியக்காரர் ஒரு தடவை சொல்லட்டும்."

கட்டியக்காரன் கணீரென்று சொன்னான்: "பூச்சிக்குத் தங்க இடம் கொடுத்தவர் யாராக இருந்தாலும், அமாவாசையன்று ஆற்றைக் கடந்து காட்டுக்குப் போக வேண்டும்!"

மருதப்பன் தன் வெள்ளை மேல்துண்டை எடுத்துச் சிம்மாசன மெத்தையில் விரித்து நாலு தட்டுத் தட்டினான். முதலில் ஒரு புள்ளி. அப்புறம் பத்து. அப்புறம் துண்டு முழுக்கத் துள்ளல்.

சபை எட்டி எட்டிப் பார்த்தது. படகோட்டி கேட்டான். "அப்போ யாரைச் சாமி ஏத்தணும்? மெத்தையையா?"

"மெத்தை வாசற்படியைத் தாண்டக்கூடாது!" என்று பதறினார் அமிர்தகண்டர். அடுத்த நொடியே அவர் கண் பளிச்சிட்டது. "மெத்தைக்குப் பூச்சி எப்படி வந்தது? சிம்மாசனத்தில் நாய் படுத்திருக்கிறது, மகாராஜா! இதைவிட அவமானம் உண்டா? ஏற்றிவிட்டவனைக் கழுவில் ஏற்ற வேண்டும்!" என்று பூவுடையானைக் கை காட்டினார்.

பூவுடையான் அப்படியே தரையில் விழுந்துவிட்டான். கருவாயன் காலை இழுத்துக்கொண்டு போய் அவன் முகத்தை நக்கியது.

மருதப்பன் நிதானமாகச் சொன்னான்: "அமிர்தகண்டர் சொல்வது நியாயம். ஏற்றிவிட்டவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியதுதான். கஷ்டமே இல்லை. கருவாயன் வயதான நாய். தொட்ட இடமெல்லாம் முடி உதிர்க்கிறான். யார் பக்கத்தில் தினமும் சாய்ந்து படுக்கிறானோ, அவர் உடையில் வலது பக்கம் கறுப்பு முடி ஒட்டியிருக்கும். சபையில் ஒவ்வொருவரும் தங்கள் உடையைப் பார்த்துக்கொள்ளலாம்."

எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ராஜாவும் குனிந்தார். வெள்ளைப் பட்டு அங்கியின் வலது பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரை, கறுகறுவென்று நாய் முடி.

ராஜா ஒரு முடியை எடுத்து விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"பூவுடையான் எழுந்திருக்கட்டும். அவன் மேல் தப்பில்லை. நான்தான் ஏற்றிக்கொண்டேன். கொலு கலைந்ததும் நீங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். மத்தியான நேரத்தில் இந்தப் பெரிய மண்டபத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவனும் ஓடியாட முடியாமல் கிடக்கிறான். பக்கத்தில் வந்து படு என்றேன்." பெருமூச்சு விட்டார். "ஆக, பூச்சிக்கு இடம் கொடுத்தது நான். ஆணைப்படி நான்தான் படகேற வேண்டும்."

"சாமி, என் படகு ஒழுகும்!" என்று அலறினான் படகோட்டி.

"அவசரப்பட வேண்டாம், மகாராஜா. அமாவாசை இன்னும் முடியவில்லை, உச்சிப்பொழுதுதான் ஆகிறது. பொழுது சாய்வதற்குள் பூச்சியே இல்லாமல் போய்விட்டால், இடம் கொடுத்தவர் என்றும் யாரும் இல்லை. நானும் நாய் பூனைகளோடுதானே படகேற வேண்டும்? அவை ஏறாதபோது எனக்கும் வேலையில்லை" என்றான் மருதப்பன்.

"மெத்தையை வெயிலில் போடாமல் பூச்சி எப்படிப் போகும்? அதுதான் வெளியே போகக்கூடாதே!" என்றார் அமிர்தகண்டர்.

"மெத்தை வெளியே போகக்கூடாது என்றுதான் சம்பிரதாயம். வெயில் உள்ளே வரக்கூடாது என்று ஒரு சம்பிரதாயமும் இல்லையே?"

சொல்லிவிட்டு மருதப்பன் கையைத் தட்டினான். மேலே கூரையில் கடகடவென்று சத்தம். ஓடுகள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு பெரிய வெயில் துண்டு நேராகச் சிம்மாசனத்தின் மேல் வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் ராஜாவுக்கு முதலில் ஒரு புன்னகை வந்தது. அப்புறம் வயிறு குலுங்கியது. அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது.

மெத்தையைப் பிரித்தார்கள். உறையைக் கொதிக்கும் தண்ணீரில் போட அண்டாவும் உள்ளேயே வந்தது. சிம்மாசனத்தின் இடுக்குகளையெல்லாம் துடைத்தெடுத்தார்கள். பஞ்சை உதறி வெயிலில் பரப்பிப் புரட்டிப் போடும் பொறுப்பை ராஜா அமிர்தகண்டருக்கே கொடுத்தார். தலையில் பஞ்சு ஒட்ட, மனிதர் வியர்த்துக் கொட்டப் புரட்டினார். மருதப்பனே ஓர் ஓலைக்குடையைக் கொண்டுபோய் அவருக்குப் பிடித்தான். பொழுது சாயும்போது தைத்த மெத்தையில் வெள்ளைத் துண்டை விரித்துத் தட்டினார்கள். ஒரு புள்ளி எழவில்லை.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"முத்துமாலை என் மனைவிக்குச் சேர வேண்டியது, மகாராஜா, யோசனை அவளுடையது. எனக்கு ஒன்று கொடுங்கள். முட்டையிலிருந்து மறுபடி மறுபடி பூச்சி பொரிக்கும். ஒரு நாள் வெயில் போதாது. வாரம் தவறாமல் கூரை ஓடுகளை விலக்கி மெத்தையைக் காயப்போட வேண்டும். அதற்குப் பூவுடையானை அதிகாரியாக நியமியுங்கள்."

"நியமித்தேன்" என்றார் ராஜா. அந்த ஆணையை யார் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது.

பிறகு சிம்மாசனத்தில் வழக்கம்போல இடது ஓரமாக அமர்ந்தார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வலது பக்கம் மெத்தையைத் தட்டினார். கருவாயன் தயங்கித் தயங்கி வந்தது. முன்னங்காலைத் தூக்கி வைத்தது, பின்னங்கால் வரவில்லை. ராஜாவே குனிந்து தூக்கிவிட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றி, சூடான மெத்தையில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

சிம்மாசனத்தில் யார் அமர்ந்தாலும் கட்டியம் கூற வேண்டும் என்பது அந்த நாட்டுச் சம்பிரதாயம். கட்டியக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் அமிர்தகண்டரைப் பார்த்தான். அவர் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு, நாயைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார். கட்டியக்காரன் நாய் விழித்துக்கொள்ளாதபடி தாழ்ந்த குரலில், "பராக், பராக்" என்றான்.