புகை போன இடம்

மொச்சை உரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நாலு காய் உரிப்பேன், ஒரு வரி எழுதுவேன். பச்சை மொச்சையின் வாசனை சீக்கிரத்தில் விரலை விட்டுப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது தெரியும். வாசனை என்றாலே எனக்கு ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாற்பத்தியொரு நாள் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபது வயது. தலைப்பிரசவம். ஏழாம் மாதமே வலி கண்டு, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோ இருநூறு கிராம். என் உள்ளங்கையில் அடங்குகிற முதுகு. மூச்சு விட அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது மாடி. தாய்மார் மட்டும்தான் அங்கே தங்கலாம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆண்கள் எல்லாரும் கீழே புங்க மரத்தடியில் கிடப்பார்கள். எனக்கு வயிற்றில் தையல், படி இறங்கக் கூடாது. எங்க வீட்டுக்காரரை நான் பார்க்காமலே நாட்கள் போயின.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஏன் இனிக்கிறது என்று தெரியவில்லை. அழுத அழுகைதான் அதிகம். ஆனாலும் அந்தப் பினாயில் வாசனை, ஜன்னல் வழியாக வந்து விழும் புங்கம்பூ, செங்கமலம் அக்காவின் வாளிச் சத்தம், எல்லாம் திரும்ப ஒரு தடவை வேண்டும் போல இருக்கிறது.

செங்கமலம் அக்கா காலையில் ஆஸ்பத்திரி வளாகம் கூட்டுவார். பகலில் எங்கள் வார்டில் தரை துடைப்பார். எனக்குத்தான் அக்கா. எங்க வீட்டுக்காரருக்கு ஐந்தாறு வயது இளையவர். இனி நான் சொல்லப்போவதில் பாதி அவர் சொன்னது, பாதி எங்க வீட்டுக்காரர் சொன்னது.

வளாகத்துச் சுவரில் ‘புகைபிடிக்கக் கூடாது’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழேயே பீடியைக் குத்தி அணைத்த கறுப்புப் புள்ளிகள் இருக்கும். வாசல் காவலர் லூர்துசாமி விசில் ஊதுவார். விசில் கேட்டால் ஆண்கள் மரத்தடியை விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போவார்கள். அங்கே ஊதினால் திரும்ப மரத்தடிக்கு வருவார்கள்.

எங்க வீட்டுக்காரர் பெயர் வைரவன். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிப்பார்.

எட்டாம் நாள் பிள்ளைக்குக் குழாயை எடுத்தார்கள். இனி தகப்பனும் தினம் ஒரு மணி நேரம் மேலே வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்தச் சூட்டில்தான் பிள்ளை தேறும் என்றார்கள். நாலு மணிக்கு மாடிப்படி அடியில் பெரிய சிஸ்டர் நாற்காலி போட்டு உட்காருவார். அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மறுநாள் எங்க வீட்டுக்காரர் முகம் கழுவி, புதினா மிட்டாய் மென்றுகொண்டு போய் நின்றார்.

“கிட்ட வாங்க. வாய ஊதுங்க.”

“என்னங்க சிஸ்டர், நான் என்ன தண்ணி போட்டுட்டா வந்திருக்கேன்?”

“பீடி. சட்டையெல்லாம் பீடி. உங்க புள்ளைக்கு நேத்துத்தான் சொந்தமா மூச்சு வந்திருக்கு. போயிட்டு நாளைக்கு வாங்க.”

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மேலே நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தேன். மற்ற பிள்ளைகளின் அப்பாமார் ஒருத்தர் ரெண்டு பேர் வந்தார்கள். அவர் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். செங்கமலம் அக்கா கூட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, காலத் தூக்குங்க.”

தூக்கினார். துடைப்பம் அடியில் போய் வந்தது. ஏழெட்டுப் பீடித் துண்டு வந்தது.

“ஏம்மா, நீயே சொல்லு. எம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. மேல ஆகாசம் தொறந்து கெடக்கு. இந்த மூலையில நான் ஒருத்தன் ஒரு பீடி குடிச்சா, அந்தப் புகை எங்க போயிரப் போகுது?”

அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“எனக்கும் தெரியலையேண்ணே. பாத்துருவமா?”

சொல்லிவிட்டுப் போனவர் ஒரு கயிறும் வாளியுமாக வந்தார். புங்க மரத்துக்கும் பக்கத்து விளக்குக் கம்பத்துக்கும் கயிற்றைக் கட்டினார். வாளியில் அலசிப் பிழிந்த நாலு துணி. எங்க வீட்டுக்காரருடைய பழைய வேட்டியைக் கிழித்து எங்கம்மா கொடுத்தனுப்பியது. பிள்ளையைச் சுற்ற.

“இது உங்க புள்ள துணி. காயப் போடுங்க. காக்கா எச்சம் படாமப் பாத்துக்கங்க. சாயந்திரம் நான் வந்து வாங்கிக்கிறேன்.”

“இதெல்லாம் என் வேலையா?”

“வேற என்ன வேல இருக்கு உங்களுக்கு இங்க?”

மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்துசாமி வாசலில் இருந்தே கத்தினார்.

“வைரவா, ஒனக்கு நல்ல குரு கெடச்சிருச்சு. தட்சணையா அந்தப் பீடிக்கட்டக் குடுத்துரு!”

“நீ சும்மா கெடய்யா” என்றார் அவர். ஆனால் துணியை உதறிப் போட்டார். மூலை இழுத்து, சுருக்கம் இல்லாமல், கம்பி கட்டுகிற கையால் நாலு துணியையும் ஒரே அளவில் போட்டார். துணியை விட்டு எங்கேயும் போகவில்லை. பீடி குடிக்க மட்டும் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்.

சாயந்திரம் அக்கா அதை மேலே கொண்டுவந்தார்.

“தெய்வான, சட்டம் தெரியும்ல. மோந்து பாத்துட்டுத்தான் புள்ளைக்குச் சுத்தணும்.”

நான் முகத்தருகே கொண்டுபோனேன். வெயில் வாசனை. அதற்கு உள்ளே பீடி. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வாசனை. அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது வருமே, அது. பன்னிரண்டு நாள் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிள்ளைக்கு ஆஸ்பத்திரித் துணியையே சுற்றினேன்.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். மற்ற மூன்று துணியையும் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் எங்க வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

“என்னம்மா, துணி புள்ளைக்குச் சேந்துச்சா?”

“சேரலண்ணே.”

“ஏன்? நல்லாத்தானே காஞ்சிருந்துச்சு?”

“உங்க வீட்டம்மா மோந்து பாத்து அழுதுச்சு. ஒண்ண எடுத்துத் தலமாட்டுல வச்சுக்கிச்சு. புள்ளைக்குச் சுத்தல.”

“அழுதாளா? எதுக்கு?”

“உங்க வாசன வந்துச்சாம்.”

அவர் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நான் துணிகிட்ட நின்னு குடிக்கவே இல்ல. தொட்டிக்குப் பின்னாலதான் போனேன்.”

“நேத்து நீங்க கேட்டீங்கள்ல, புகை எங்க போகும்னு. ஆகாசத்துக்குப் போகலண்ணே. மூணாம் மாடிக்குப் போயிருக்கு.”

சொல்லிவிட்டு அந்த மூன்று துணியைத் திரும்ப அலசிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்க வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் யாரையும் விடவில்லை. மற்றத் தாய்மார்களும் தங்கள் பிள்ளைத் துணிகளைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். கயிறு இன்னொரு மரத்துக்கும் நீண்டது. யார் பீடியை எடுத்தாலும் இவர் எழுந்துவிடுவார்.

“யோவ், கண்ணு தெரியல? புள்ளைங்க துணி காயுது. எந்திரிச்சு வெளிய போ.”

“நேத்து வரைக்கும் நீதானய்யா எனக்கு நெருப்புக் குடுத்த?”

“நேத்துக் குடுத்தேன். இன்னிக்கு எந்திரி.”

ஒரு நாள் சின்ன டாக்டர் ஒருத்தர், படித்து முடித்துப் புதிதாக வந்தவர், சிகரெட்டும் கையுமாக அந்த வழியே வந்தாராம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்க வீட்டுக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

“டாக்டரய்யா, கோவிச்சுக்காதீங்க. துணி காயுது.”

டாக்டர் கயிற்றைப் பார்த்தார். கைக்குட்டை அளவில் வரிசையாக இருபது முப்பது துணி. சிகரெட்டைப் பார்த்தார். அணைத்து, துண்டைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“என் விசிலுக்கு வேல போச்சுடா” என்றார் லூர்துசாமி. அவர் சட்டைப் பையில் எப்போதும் எட்டிப் பார்க்கும் சுருட்டும் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம்.

காலையில் கூட்டினால் வெறும் புங்க இலைதான் வந்தது.

ஆனால் சாயந்திரம் எனக்கு வந்த துணியில் பீடி இருந்தது. கொஞ்சமாக இருந்தது. இருந்தது. ஒவ்வொரு நாளும் நான் மோந்து பார்ப்பேன், ஒன்றைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன். படியடியில் பெரிய சிஸ்டரும் அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். பிள்ளைக்குப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அன்று அவர் செங்கமலம் அக்காவைத் தேடிக்கொண்டு வந்தார். அக்கா குழாயடியில் துடைப்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தாயி, இந்த எடத்துல ஒருத்தன் பீடி குடிக்கிறதில்ல. நீயே பாக்குற. இன்னும் ஏன் துணி சேர மாட்டேங்குது?”

“நீங்கண்ணே?”

“நானும் உள்ள தொடுறதே இல்ல. கேட்டுக்கு வெளிய, ரோட்டத் தாண்டிப் போயித்தான் குடிக்கிறேன். அது ஆஸ்பத்திரி எடம் இல்லையே.”

“இல்லதான்.”

“பெறகு என்ன?”

அக்கா துடைப்பத்தை உதறிச் சுவரில் சாத்தினார். எங்க வீட்டுக்காரர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார்.

“கேட்டு எங்க இருக்குன்னு உங்க சட்டைக்குத் தெரியுமாண்ணே?”

அடுத்த ரெண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. துணி காயப் போடுவார், உட்காருவார், எழுந்து வாசல் வரை நடப்பார், திரும்பி வருவார். வாசலைத் தாண்டவே இல்லை என்று பிறகு அவரே சொன்னார். வேப்பங்குச்சியை மென்று மென்று துப்பினார். சோறு இறங்கவில்லை. “என்ன சிஷ்யா, மௌன விரதமா?” என்று லூர்துசாமி கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார், அதோடு அவரும் வாயை மூடிக்கொண்டார். இருபதாம் நாள் காலையில் குழாயடியில் தலையோடு குளித்துவிட்டு, போட்டிருந்த சட்டையைச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, வெறும் உடம்போடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அன்று நாலு மணி ஆகப்போகும்போது அக்கா துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிள்ளை மடியில் விழித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல முகத்துக்குக் கொண்டுபோனேன்.

வெயில் இருந்தது. சோப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

திருப்பிப் பார்த்தேன். இன்னொரு துணியை எடுத்து மோந்தேன். அதிலும் இல்லை. எத்தனை நாள்தான் மரத்தடியில் கிடப்பார்? தினம் தினம் திருப்பி அனுப்பினால் எந்த ஆண்பிள்ளைதான் நிற்பான்? தலையணைக்கடியில் இருந்த பழைய துணியை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்தும் வாசனை போய்விட்டிருந்தது.

நான் யாரிடமும் சத்தமாகப் பேசாதவள். அன்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டேன்.

“அக்கா, இதுல அவரு வாசனையே இல்ல. போயிட்டாரா? சொல்லுங்கக்கா, எங்கள விட்டுட்டுப் போயிட்டாரா?”

செங்கமலம் அக்கா தரை துடைக்கிற கட்டையில் ரெண்டு கையையும் ஊன்றி நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“இருக்காரு தங்கச்சி. இன்னிக்குத்தான் வந்திருக்காரு.”

துணியை விரித்தேன். பிள்ளையை அதில் கிடத்தி ஒரு பக்கம் மடித்தேன். இப்போது இங்கே வாசலில் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா, தண்ணி வந்திருச்சு, குடத்த எடுத்துட்டு ஓடியா என்று கூப்பிடுகிறார். இதோ வந்துட்டேன்க்கா. மறுபக்கம் மடிக்கும்போது மாடிப்படியில் கால் சத்தம் கேட்டு, நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம்...